கூரையில் விழும் மழையைப் பிடித்து வைக்கச் சட்டத்தில் தடை இருக்கிறதா? (இலங்கை மலையகம்: பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டத்தவர்கள் பதில் தரவும்)

ஏழு பேர்ச் வீடு

வணக்கம். நாங்கள் இருப்பது பண்டாரவளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில். லயத்தில் (தோட்டத்து வரிசை அறைகளில்) இருந்து வந்து இப்போது ஏழு பேர்ச் காணியில் கட்டிக் கொடுத்த தனி வீட்டில் இருக்கிறோம். 550 சதுர அடி. வீட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, தண்ணீர்தான் பிரச்சினை. மேலே இருக்கிற ஊற்றில் இருந்து ஒரே பைப்பில்தான் லயத்துக்கும் புது வீடுகளுக்கும் தண்ணீர் வருகிறது. ஜூன் மாதம் காற்று தொடங்கினால் செப்டெம்பர் வரைக்கும் அந்தப் பைப்பில் ஒரு வாளி நிரம்புவதற்குள் சோறு வெந்துவிடும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கூரையில் இருந்து கொட்டுகிற தண்ணீர் எல்லாம் கானில் (வடிகாலில்) போகிறது.

அதனால் 5000 லீற்றர் தாங்கி ஒன்று வைக்க நினைக்கிறோம். தெரிந்த ஒருவர், "தண்ணீர் அரசாங்கத்துக்குச் சொந்தம், அனுமதி இல்லாமல் சேர்த்தால் வழக்கு வரும்" என்கிறார். கணக்கப்பிள்ளையோ தொரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) கேட்காமல் எதுவும் கட்டக் கூடாது என்கிறார். எது சரி? காணிக்கு உறுதிப் பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிளான் மேசை

தம்பி, நான் வீட்டுப் பிளான் வரைகிற வேலை செய்கிறவன். உங்களுக்குச் சொன்னவர் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பியிருக்கிறார்.

அரசுக்குச் சொந்தம் என்பது ஆறு, ஓடை, ஏரி போன்ற பொது நீர்நிலைகளில் உள்ள தண்ணீர். 1947ஆம் ஆண்டின் அரச காணிகள் கட்டளைச் சட்டம் அதைத்தான் பேசுகிறது. ஓடையை மறித்து மோட்டர் வைத்தால் அனுமதி கேட்க வேண்டிவரும். உங்கள் கூரையில் விழுந்து பீலி வழியாகத் தாங்கிக்குப் போகிற மழை பொது ஓடை ஆகாது. வீட்டுப் பாவனைக்கு அதைப் பிடிப்பதை இந்த நாட்டில் எந்தச் சட்டமும் குற்றமாக்கவில்லை.

சட்டம் தள்ளுவது எதிர்ப்பக்கமாக. 2005இல் தேசிய மழைநீர்க் கொள்கை வந்தது. 2007இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2009 ஏப்ரலில் வர்த்தமானியில் ஒழுங்குவிதிகள் வந்தன. சுருக்கமாகச் சொன்னால், நகரப் பகுதிகளில் புதிதாகக் கட்டும் குறிப்பிட்ட வகைக் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு இருக்க வேண்டும், கூரையின் அளவையும் அந்த ஊர் மழையின் அளவையும் பார்த்துத் தாங்கியின் கொள்ளளவு தீர்மானிக்கப்படும். கண்டி, நுவரெலியா, பதுளை, பண்டாரவளை மாநகர சபைகள், ஹட்டன்-டிக்கோயா, அப்புத்தளை போன்ற நகர சபைகள், இப்படியான இடங்களில் பிளான் பாஸ் பண்ணும்போது இந்தக் கேள்வி வரும். உங்கள் தோட்டம் பிரதேச சபை எல்லைக்குள் என்றால் இந்தக் கட்டாயம் பெரும்பாலும் உங்களைத் தொடாது. தடையும் கிடையாது.

காணி விஷயம் வேறு கதை. அதைத் தோட்டத்தில் இருக்கிறவர்கள் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

பணிய லயம்

நான் சொல்கிறேன். எங்களுக்கு மழைச் சட்டம் ஒரு தொல்லையும் தரவில்லை. தொல்லை எல்லாம் சுவர் யாருக்குச் சொந்தம் என்பதில்தான்.

1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். நிலம் அரசாங்கத்துடையது, நடத்துவது கம்பனி, குடியிருப்பது நாங்கள். லயத்துக் கூரையில் ஒரு பீலி அடிக்க வேண்டுமானால், அந்தக் கூரை என்னுடையது என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. எங்கள் டிவிசனில் இஸ்தோப்பு (வாசல் திண்ணை) ஓரமாக நாலைந்து வீட்டார் பரல் வைத்துத் தண்ணீர் பிடித்தோம். நுளம்பு பெருகுகிறது என்று சொல்லி எடுக்கச் சொன்னார்கள். மூடி போட்டுத் தருகிறோம் என்று சொன்னதையும் கேட்கவில்லை. அதே நேரம் தொரையின் பங்களாவுக்குப் பின்னால் கூரைத் தண்ணீர்த் தாங்கி காலம் காலமாக நிற்கிறது.

பிரதேச சபைக்குப் போனாலும் முன்பெல்லாம் "தோட்டத்துக்குள் எங்களால் செலவு பண்ண முடியாது" என்றுதான் பதில். 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் தோட்டக் குடியிருப்புகளுக்கும் பிரதேச சபை வேலை செய்யலாம் என்று ஆனது. ஆகவே ஏழு பேர்ச் தம்பி, உறுதி வரும்வரை வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள், பிரதி ஒன்றைப் பிரதேச சபைக்கும் கிராம சேவகருக்கும் கொடுங்கள், கிடைத்ததற்குக் கையொப்பம் வாங்குங்கள். கழற்றி எடுக்கக்கூடிய பிளாஸ்டிக் தாங்கி என்று எழுதுங்கள். கட்டடம் கட்டுகிறோம் என்று எழுதினால் இழுபடும்.

கோத்தகிரியில் இருந்து

வணக்கம் உறவுகளே. எங்கள் தாத்தா காலத்தில் மஸ்கெலியாவில் இருந்தோம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கே நீலகிரிக்கு வந்தவர்கள் நாங்கள். தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பெரும்பாலும் உறிஞ்சுகுழிதான்: கூரைத் தண்ணீரைக் குழிக்குள் விட்டு, ஜல்லியும் மணலும் போட்டு நிலத்தடிக்கு அனுப்புவது. சென்னையில் கிணறுகளில் தண்ணீர் ஏறியதைப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். தாங்கி வாங்கக் காசு இல்லாத வீடுகளில் உங்கள் பக்கம் அப்படிச் செய்வது உண்டா? ஊற்றுக்கும் நல்லதுதானே?

கொஸ்லந்தை

அண்ணன், சென்னைக்கு அது சரி. தயவுசெய்து மலைச்சரிவில் யாரும் வீட்டை ஒட்டி உறிஞ்சுகுழி வெட்ட வேண்டாம். இதை வாசிக்கிற எல்லோரும் கேளுங்கள்.

மீரியபெத்த தோட்டம் எங்களுக்குப் பக்கம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் லயங்கள் மண்ணுக்குள் போனது எங்கள் கண்முன்னால் நடந்தது. மழை பெய்து பெய்து மண் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். மண் துணிக்கைகளுக்கு இடையில் தண்ணீர் நிறைந்துவிட்டால் அந்தத் தண்ணீரின் அமுக்கம் துணிக்கைகளைத் தள்ளிப் பிரிக்கிறது, ஒன்றையொன்று பிடித்திருக்கிற பிடி தளர்கிறது, மண்ணின் பாரமும் ஏறுகிறது. கீழே பாறை, மேலே இளகின மண் என்றால் அப்படியே வழுக்கிக்கொண்டு வரும். இந்த நிலையில் வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, கூரைத் தண்ணீர் முழுவதையும் அந்த ஒரே இடத்தில் இறக்கினால் என்ன ஆகும்?

இன்னொன்றையும் யோசியுங்கள். பீலி இல்லாத கூரையில் தண்ணீர் கூரை விளிம்பு முழுவதும் பரவிச் சொட்டும். பீலி போட்டதும் எல்லாத் தண்ணீரும் ஒரு மூலைக்கு வருகிறது. தாங்கி நிரம்பும்வரை பரவாயில்லை. நிரம்பிய பிறகு? தாங்கி பெரும்பாலும் நிரம்பி நிற்கிற காலமும் மண் சரிகிற காலமும் ஒன்றுதான். 50 சதுர மீற்றர் கூரையில் ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் பெய்தால் 3750 லீற்றர். சிந்தியது போக மூவாயிரமாவது அந்த ஓவர்புளோ பைப்பால் வெளியே வரும். அந்தப் பைப்பின் வாய் மேட்டு விளிம்பில் தொங்கினால், நீங்களே உங்கள் மண்ணை அறுக்கிறீர்கள்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை கொடுப்பதும் இந்த அளவுகளை வைத்துத்தான்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் தயாராக இருங்கள், 150 தாண்டினால் வெளியேறுங்கள். நேரான பக்கங்கள் உள்ள ஒரு போத்தலைத் திறந்த வெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தாலே வீட்டில் தெரிந்துவிடும். தாங்கி வைக்கிற ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் போத்தலும் இருக்க வேண்டும். 2025இல் வந்த டித்வா புயலின் மண்சரிவுகளுக்குப் பிறகு இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

கோத்தகிரியில் இருந்து

புரிகிறது தம்பி. 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகளை நாங்களும் பார்த்தோம். சமவெளிக்கு எழுதிய விதி மலைக்கு அப்படியே பொருந்தாது என்று இங்கேயும் பேசுகிறார்கள். அப்படியானால் ஓவர்புளோவை எங்கே கொண்டுபோய் விடுவது?

கொஸ்லந்தை

சிமெந்து பூசிய கான் வழியாக, அல்லது மூடிய பைப் வழியாக, இயற்கையாகவே தண்ணீர் ஓடுகிற ஓடைவரை. நடுவில் மண்ணைத் தொடக் கூடாது. கானில் வெடிப்பு இருந்தால் அதை முதலில் அடைக்க வேண்டும், வெடிப்பால் இறங்குகிற தண்ணீர்தான் கண்ணுக்குத் தெரியாமல் வேலை பார்க்கும்.

தாங்கி வைக்கும் இடமும் முக்கியம். 5000 லீற்றர் என்றால் 5 தொன். வீடு கட்ட மேட்டை வெட்டி, அந்த மண்ணை முன்பக்கம் கொட்டி நிரப்பித்தான் முற்றம் எடுத்திருப்பார்கள். கொட்டிய மண்ணின் விளிம்பில் 5 தொன்னை வைக்காதீர்கள். வெட்டிய பக்கம், உறுதியான தரையில் வையுங்கள். வீட்டுக்கு மண்சரிவு அறிக்கை எடுத்திருந்தால் அதில் வடிகால் பற்றி நிபந்தனை இருக்கும், அதைத் தேடி வாசியுங்கள்.

ஏழு பேர்ச் வீடு

நன்றி அண்ணன். எங்கள் வீட்டுக்குக் கீழே இன்னொரு வரிசை வீடுகள். ஓடைக்குப் போக அவர்கள் காணி ஓரமாகத்தான் பைப் போட வேண்டும். அவர்கள் மறுத்தால்?

பிளான் மேசை

இது சட்டம் உண்மையாகவே பேசுகிற இடம். நமது பொதுச் சட்டம் உரோமன்-டச்சு வழி வந்தது. அதன்படி உங்கள் கூரைத் தண்ணீரைச் சேர்த்து அடுத்தவர் காணிக்குள் விட உங்களுக்கு உரிமை இல்லை. அவர் சம்மதித்து எழுதித் தர வேண்டும், அல்லது நெடுங்காலப் பாவனையால் வந்த உரிமை இருக்க வேண்டும். மேட்டில் இருந்து இயல்பாக வழிகிற தண்ணீரைக் கீழ்க் காணிக்காரர் ஏற்கத்தான் வேண்டும். ஆனால் பீலியும் பைப்பும் போட்டு ஒருமுகப்படுத்திய தண்ணீர் இயல்பான வழிவு இல்லை. இந்த வேறுபாட்டில்தான் அயல் வீட்டுச் சண்டை எல்லாம் வருகிறது.

அதனால் முதலிலேயே போய்ப் பேசுங்கள். அவர்களும் தாங்கி வைத்தால் ஒரே கானைப் பொதுவாகக் கட்டலாம், செலவும் பங்கு பிரியும்.

ஓய்வு பெற்ற பி.எச்.ஐ.

பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவன் என்ற வகையில் சில வார்த்தைகள்.

பணிய லயத்தில் பரல்களை எடுக்கச் சொன்னது பற்றி. 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி, நுளம்பு பெருக விடுகிற இடத்துக்குக் குடியிருப்பவர், சொந்தக்காரர் இருவருமே பொறுப்பு. ஆனால் அந்தச் சட்டம் தண்ணீர் சேர்ப்பதைத் தடுக்கவில்லை. நுளம்பு பெருகாதபடி வைக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். இறுக்கமான மூடி, தண்ணீர் வருகிற வாயிலும் ஓவர்புளோ வாயிலும் நுளம்பு வலை, இந்த மூன்றும் இருந்தால் எந்தப் பரிசோதகரும் எடுக்கச் சொல்ல நியாயம் இல்லை. பலர் மூடியைப் பார்ப்பார்கள், ஓவர்புளோ பைப்பை மறந்துவிடுவார்கள். நுளம்பு போவது அந்த வழியாகத்தான். கூரைப் பீலியில் சருகு அடைத்துத் தேங்கி நிற்கிற தண்ணீரும் அதே கணக்கில் சேரும்.

குடிப்பதைப் பற்றி. கூரைத் தண்ணீரை அப்படியே குடிக்க வேண்டாம். பறவை எச்சம், பல்லி, எலி, எல்லாம் கூரையில்தான். கொதிக்க வைத்து ஆறவைத்துக் குடியுங்கள். நம்முடைய பக்கம் இன்னொரு விஷயம் உண்டு. காஸ் விலை ஏறிய பிறகு எத்தனையோ வீடுகளில் மறுபடியும் விறகு அடுப்பு. புகை தகரத்தில் படிந்து, முதல் மழைக்குத் தேயிலைச் சாயம் மாதிரி கறுப்பாக இறங்கும், புகை நாற்றமும் இருக்கும். அதைத் தாங்கிக்குள் விடவே கூடாது.

அதற்கு முதல் மழைப் பைப் வையுங்கள். 110 மில்லிமீற்றர் பி.வி.சி. பைப்பை மூன்று மீற்றர் நீளத்துக்கு நிமிர்த்தி, அடியில் மூடி திருகி வைத்தால் ஏறத்தாழ 25 லீற்றர் பிடிக்கும். பீலியில் இருந்து வருகிற தண்ணீர் முதலில் அதற்குள் விழுந்து நிரம்ப வேண்டும், பிறகுதான் தாங்கிப் பக்கம் திரும்ப வேண்டும். அடி மூடியில் ஆணியால் ஒரு சின்ன ஓட்டை போட்டால் மழை விட்ட பிறகு தானாக வடிந்து அடுத்த மழைக்குத் தயாராகும். 50 சதுர மீற்றர் கூரைக்கு இது ஆகக் குறைந்த அளவு. புகைக் கூரை என்றால் இரண்டு பைப் போடுங்கள். மாதம் ஒரு முறை மூடியைத் திறந்து கழுவ வேண்டும், அடியில் சேறு போல் ஒன்று இறுகி இருக்கும்.

மேட்டு லயம் அக்கா

ஐயா, எங்கள் கூரை அஸ்பெஸ்டஸ். அந்தத் தண்ணீர் ஆபத்தா?

ஓய்வு பெற்ற பி.எச்.ஐ.

மகள், அஸ்பெஸ்டஸில் பெரிய ஆபத்து அதன் தூசியை மூச்சில் இழுப்பது. தண்ணீரோடு உள்ளே போவதால் கேடு வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றுதான் உலகச் சுகாதார அமைப்பு சொல்கிறது. ஆகவே குளிக்க, துவைக்க, தோட்டத்துக்குப் பாவிக்கப் பயப்பட வேண்டாம். ஆனால் பாசி பிடித்திருக்கிறது என்று ஏறி நின்று தேய்க்காதீர்கள், காய்ந்த தகட்டை வெட்டாதீர்கள், துளை போடாதீர்கள். உடைந்து மா மாதிரி உதிர்கிற கூரை என்றால் குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் எடுப்பது நல்லது.

கணக்கு வாத்தியார்

தாங்கி அளவைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். ஆண்டுக்கு 1500 மில்லிமீற்றர், கூரை 50 சதுர மீற்றர், ஐந்தில் ஒரு பங்கு வீண் என்று வைத்தால் 60,000 லீற்றர். பார்க்கப் பெரிய தொகை. ஆனால் 50 மில்லிமீற்றர் கொட்டுகிற மாலை மழை மூன்று வந்தால் 5000 லீற்றர் தாங்கி நிரம்பிவிடும், மிச்சம் எல்லாம் ஓடும். கையில் நிற்பது தாங்கியின் அளவுதான்.

ஐந்து பேர் வீட்டில் எல்லாத் தேவைக்கும் ஆளுக்கு 40 லீற்றர் என்றால் ஒரு நாளைக்கு 200, தாங்கி 25 நாளில் முடியும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும், ஆளுக்கு 10 லீற்றர் என்றால் 100 நாள். ஜூனில் இருந்து செப்டெம்பர் ஏறத்தாழ 120 நாள். இடையில் ஒன்றிரண்டு மழை வந்தால் தாண்டலாம். அதனால் ஊற்றுத் தண்ணீர் வருகிற வரைக்கும் தாங்கியைத் தொடாமல், மே மாதக் கடைசியில் நிரம்பிய நிலையில் வைத்திருப்பதுதான் கெட்டித்தனம்.

கினிகத்தேனை

சேர், அது ஊவாக் கணக்கு. எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் துணி காயவைக்கவே வழி இல்லை. வறட்சி ஜனவரி, பெப்ரவரியில் கொஞ்சம்தான். 1000 லீற்றர் தாங்கி எங்களுக்குப் போதும். பெரிய தாங்கிக்குப் போடுகிற காசைக் கானுக்குப் போடுங்கள் என்றுதான் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்வேன்.

வெலிமடை மேசன்

தாங்கி கட்டுகிறவன் என்ற முறையில். 1990களில் நடந்த சமுதாய நீர் வழங்கல் திட்டத்தில் உலக வங்கிக் காசில் பதுளை மாவட்டத்தில் 5000 லீற்றர் மழைத் தாங்கிகள் கட்டினார்கள். நிலத்துக்கு மேலே கம்பிவலைச் சிமெந்துத் தாங்கி ஒரு வகை, நிலத்துக்குள்ளே செங்கல் குவிமாடம் இன்னொரு வகை. அந்தத் தாங்கிகளில் சில இன்னும் நிற்பதைப் பார்க்கிறேன், கோழிக்கம்பி வலையில் பூசிய சுவர் ஓர் அங்குலம்தான், ஆனாலும் உறுதி. போய்ப் பார்த்தால் பீலிதான் இருக்காது. ஊவாக் காற்றுக்குப் பீலியும் கொழுக்கியும் பிடுங்கிக்கொண்டு போயிருக்கும். பிறகு யாரும் மாட்டவில்லை, தாங்கிக்குள் விறகு அடுக்கியிருப்பார்கள்.

பீலிக்குக் கொழுக்கியை இரண்டு அடிக்கு ஒன்று போடுங்கள். மூன்று அடி, நாலடி என்று மிச்சம் பிடிக்க வேண்டாம். டர்பன்டைன் மரம் பக்கத்தில் இருந்தால் அந்த நீள இலை பீலி வாயில் கூடு மாதிரி அடைக்கும், அதனால் வாயில் வலைக்கூடை வேண்டும். சிமெந்துத் தாங்கி என்றால் பூசிய பிறகு ஒரு வாரமாவது ஈரச்சாக்கு போட்டு நனைக்க வேண்டும், முதல் நிரப்பை வெளியே விட வேண்டும், சிமெந்துக் காரம் அதில் இருக்கும்.

மேட்டு லயம் அக்கா

எல்லோரும் நல்ல விஷயம் சொல்கிறீர்கள். ஆனால் எனக்கு ஒரு கவலை. தாங்கி வைத்தவுடன் "உங்களுக்குத்தான் மழைத் தண்ணீர் இருக்கிறதே" என்று பைப் தண்ணீரைத் தள்ளிப் போடுவார்கள். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்து, குடத்தோடு ஊற்றடிக்குப் போகிறது பொம்பளைகள்தான். சுத்திகரித்த குழாய்த் தண்ணீர் கேட்கிறது எங்கள் உரிமை. அதற்குப் பதிலாகத் தாங்கியைக் காட்ட யாருக்கும் இடம் கொடுக்கக் கூடாது.

பணிய லயம்

அக்கா சொல்வது முழுக்கச் சரி. அதனால்தான் கடிதம் என்கிறேன். கடிதத்தில் இரண்டையும் எழுத வேண்டும்: வறட்சிக்கு நாங்களே தாங்கி வைக்கிறோம், குழாய்த் தண்ணீர்க் கோரிக்கை அப்படியே இருக்கிறது. ஊற்றுக்கு மேலே உள்ள காட்டை வெட்டக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதலாம்.

கொஸ்லந்தை

நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் குழாய் வரும்வரை பிள்ளைகள் தாகத்தோடு இருக்க முடியாது, அக்கா. கானோடு சேர்த்து வைக்கிற தாங்கிக்கு நான் ஆதரவு. கான் இல்லாமல் தாங்கி மட்டும் தருகிற திட்டம் எது வந்தாலும் வாங்காதீர்கள்.

ஏழு பேர்ச் வீடு

எல்லோருக்கும் நன்றி. கீழ் வீட்டு மாமாவிடம் பேசினேன், அவரும் தாங்கி வைக்கச் சம்மதம், கானைப் பொதுவாகக் கட்டலாம் என்கிறார். கடிதம் எழுதிவிட்டேன், தோட்டத்துக்கும் பிரதேச சபைக்கும் கொடுக்கப் போகிறேன். இடத்தைக் காட்டப் பதுளையில் உள்ள கட்டிட ஆராய்ச்சி நிறுவன அலுவலகத்தைக் கேட்கலாம் என்று இருக்கிறேன். ஒரே ஒரு கேள்வி: இரண்டு வீட்டு ஓவர்புளோவும் ஒரே பைப்பில் போனால் இரண்டு அங்குலம் போதுமா?

வெலிமடை மேசன்

போதாது தம்பி. இரண்டு அங்குலம் ஒரு வீட்டுக்கே கார்த்திகை மழையில் திணறும். தாங்கிக்குள் வருகிற பைப்பை விட வெளியே போகிற பைப் சிறிதாக இருக்கக் கூடாது. இரண்டு வீட்டுக்கும் நாலு அங்குலம் போட்டு, வளைவு வருகிற இடத்தில் கழுவத் திறக்கிற மூடி ஒன்று வையுங்கள். சரிவு நிறைய என்றால் பைப்பை ஆங்காங்கே கொங்கிறீற் கட்டையில் பிடித்து நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் மூட்டு கழன்று நடுச்சரிவில் கொட்டும்.